அந்தப் பேப்பரை முதல்ல படிங்க சாமி!

ஒரு சம்மனை "கேன்சல்" பண்ண ரெண்டாயிரம் ரூபாயாம்.

கேட்டதுல இருந்து வயிறு எரியுது. அதான் கடையைப் பூட்டிட்டு வந்ததும் சோத்தைக்கூட போட்டுக்காம இதை அடிச்சிட்டிருக்கேன்.

(புதுசா படிக்கிறவங்களுக்கு: எங்க ஊர் கோர்ட்டுக்கு எதிர்த்தாப்புல எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. நான் வக்கீல் இல்ல. வக்கீல் குமாஸ்தாகூட இல்ல. ஆனா வக்கீல் கைக்குப் போறதுக்கு முன்னாடி பாதி பேப்பர் என் கைக்குத்தான் வருது. அதனால காலைல ஷட்டரைத் தூக்கினதுல இருந்து "அக்கா, இது என்ன பேப்பருக்கா?"தான்.)

விஷயம் இதுதான். ஒரு பெரியவர் வந்தாரு. எழுபது வயசு இருக்கும். சட்டைப் பையில இருந்து பிளாஸ்டிக் கவரு, கவருக்குள்ள பேப்பர், பேப்பரை எட்டா மடிச்சு வச்சிருக்காரு. "ஆயி, இதை ஒரு காப்பி போடு, அந்தத் தம்பி கேட்டுச்சு"ன்னாரு. எந்தத் தம்பின்னு கேட்டேன். டீக்கடையில உக்காந்திருக்கிற ஒரு ஆளு. "பெருசு, உன் பேருக்குக் கோர்ட்டுலேர்ந்து வந்திருக்கு, போனா ரிமாண்டுதான், ரெண்டாயிரம் குடு, உள்ள ஆளு இருக்கு, கேன்சல் பண்ணிடலாம்"னு சொல்லியிருக்கான். இவரும் நகையை வச்சாவது குடுத்துடலாம்னு கிளம்பிட்டாரு. சாப்பாடு இறங்கலையாம், தூக்கம் இல்லையாம்.

மடிப்பைப் பிரிச்சுப் பாத்தேன்.

சாட்சி. அவரைச் சாட்சியா கூப்பிட்டிருக்காங்க. அவ்வளவுதான்!

அவரு வீட்டு வாசல்ல ஒரு வண்டி மோதல் நடந்திருக்கு. பாத்தவருன்னு போலீஸ்ல அப்ப விசாரிச்சிருக்காங்க. இப்ப கோர்ட்டுல வந்து பாத்ததைச் சொல்லுங்கன்னு கூப்பிடுறாங்க. "அப்ப என்னை உள்ள போட மாட்டாங்களா ஆயி?"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்கு அந்த டீக்கடைத் தம்பியைப் போய் நாலு கேள்வி கேக்கணும்போல இருந்துச்சு. (போனேன். ஆளைக் காணோம்.)

இதுல எனக்குக் கோவம் அந்த ஆளு மேல மட்டும் இல்ல. சம்மன் வந்து பத்து நாளாச்சு. வீட்டுல டிகிரி படிச்ச பேரன் இருக்கான். பக்கத்து வீட்டுல ஸ்கூல் வாத்தியார் இருக்காரு. எல்லாரும் "கோர்ட் பேப்பர்"னு தள்ளி நின்னு பாத்திருக்காங்களே ஒழிய, ஒருத்தரும் படிக்கல.

படிச்சா என்ன இருக்கும்? மேல கோர்ட்டு பேரு. அடுத்து வழக்கு நம்பர். சி.சி.ன்னு இருந்தா சாதாரணமா அந்த கோர்ட்டே விசாரிக்கிற கேஸு, எஸ்.டி.சி.ன்னு இருந்தா சின்னக் கேஸு, சுருக்கமா முடியுறது. பி.ஆர்.சி.ன்னு இருந்தா பெரிய கேஸு, இங்க நம்பர் போட்டு செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பப் போறது. அப்புறம் ஸ்டேஷன் பேரு, குற்ற எண், சட்டப் பிரிவு, எந்தத் தேதி, எத்தனை மணி. நீங்க சாட்சியா, எதிரியா (அதாவது குற்றம் சாட்டப்பட்டவரா) அதுவும் அதுலயே இருக்கும். கீழ கோர்ட்டு சீலு. உங்க கவலைக்கு முக்கால்வாசி பதில் அந்த ஒரு பக்கத்துல இருக்கு.

பெரியவர் அடுத்து ஒண்ணு கேட்டாரு. "நான் வயல்ல இருந்தேன், மருமகதான் கையெழுத்துப் போட்டு வாங்குச்சு. பொம்பளை வாங்கினா செல்லாதுன்னு சொல்றாங்களே?"

இது டீக்கடைக் கதை இல்லைங்க, பழைய சட்டம் நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு! ஆளு கிடைக்கலைன்னா குடும்பத்துல இருக்கிற வயசுக்கு வந்த "ஆண்" கிட்டதான் சம்மனைக் குடுக்கலாம்னு 1973 வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல எழுதி வச்சிருந்தாங்க. வீட்டுல ஆம்பளை இல்லைன்னா கதவுல ஒட்டிட்டுப் போகணும். கலெக்டரா இருக்கிற பொம்பளையா இருந்தாலும் மாமனாருக்கு வந்த சம்மனை வாங்க முடியாது. 2024 ஜூலை 1-ல இருந்து அதுக்குப் பதிலா பி.என்.எஸ்.எஸ்.னு புதுச் சட்டம் வந்துச்சு இல்ல, அதுல அந்த "ஆண்" காணாமப் போச்சு. கூட குடியிருக்கிற, வயசுக்கு வந்த குடும்பத்து ஆளு யாரா இருந்தாலும் வாங்கலாம். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? மருமக கையெழுத்து ஜோரா செல்லும்னு பெரியவர்கிட்ட சொன்னேன்.

வாங்காம ஓடி ஒளியலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு: கதவுல ஒட்டலாம், அதுவும் சட்டத்துல இருக்கு. சாட்சி வேணும்னே வரலைன்னா வாரண்ட்டுகூடப் போடலாம். சும்மா பாத்ததைச் சொல்லிட்டு வர வேண்டிய ஆளு, போலீஸ் கூட்டிட்டுப் போற ஆளா ஆகணுமா?

"போலீஸ்ல நான் சொன்னதை எழுதிக்கிட்டாங்க, ஆனா கையெழுத்தே வாங்கலையே, அப்ப அது பொய்தானே?"ன்னும் ஒரு சந்தேகம் அவருக்கு. இல்லைங்க ஐயா. விசாரணையில சாட்சி சொல்றதை எழுதினா அதுல கையெழுத்து வாங்கக் கூடாதுன்னே சட்டம் சொல்லுது. வாங்காததுதான் சரி.

இன்னொண்ணும் சொன்னேன், அவருக்கு நம்பவே முடியல. சாட்சியா விசாரிக்கறதுக்காக, 60 வயசுக்கு மேல ஆன ஆம்பளையையோ, 15 வயசுக்குக் கீழ உள்ள பையனையோ, எந்த வயசுப் பொம்பளையையோ ஸ்டேஷனுக்கு வான்னு போலீஸ் கூப்பிட முடியாது. அவங்கதான் வீட்டுக்கு வரணும். மாற்றுத் திறனாளி, கடுமையான நோய் உள்ளவங்களுக்கும் அப்படித்தான். (நீங்களா விருப்பப்பட்டுப் போனா போகலாம்.) "அன்னிக்கு என்னை மதியம் வரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வச்சிருந்தாங்களே"ன்னாரு. நான் என்னத்தைச் சொல்ல.

ஆனா இது ஸ்டேஷனுக்குத்தான். கோர்ட்டு கூப்பிட்டா வயசு எழுபதோ எண்பதோ, போகணும். உடம்பு முடியலைன்னா டாக்டர் சீட்டோட முன்கூட்டியே தெரியப்படுத்தணும்.

சரி, போனா என்ன நடக்கும்? சினிமா பாத்துப் பாத்து நம்ம ஆளுங்க மனசுல ஒரு கோர்ட்டு இருக்கு. சுத்தியலால டம் டம்னு அடிக்கிற நீதிபதி, பகவத் கீதை மேல கை வைக்கிற சாட்சி, "ஆர்டர் ஆர்டர்". எங்க ஊர் கோர்ட்டுல சுத்தியல் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், அது வாட்ச்மேன் ரூம்ல ஆணி அடிக்க. கீதையும் கிடையாது. 1969 வருஷத்து உறுதிமொழிச் சட்டப்படி கடவுள் பேரால சத்தியம் பண்ணலாம், கடவுள் நம்பிக்கை இல்லைன்னா மனசாட்சிப்படி உறுதி சொல்லலாம். ரெண்டுக்கும் ஒரே மதிப்பு.

காலைல பத்தரைக்கு முன்னாடி போய், அந்த ஸ்டேஷனுக்கான கோர்ட் கான்ஸ்டபிள்கிட்டயோ, பெஞ்ச் கிளார்க்குகிட்டயோ "இந்த நம்பர் கேஸுக்கு சாட்சியா வந்திருக்கேன்"னு சம்மனைக் காட்டிச் சொல்லிடணும். அவ்வளவுதான். டவாலி பேரைக் கூப்பிடுவாரு. அவரு கூப்பிடற வேகத்துல நம்ம பேரு நமக்கே புரியாது, அதனால வாசலை விட்டு டீ குடிக்கப் போகாதீங்க! கூண்டுல ஏறினா அரசு வக்கீல் கேப்பாரு, அப்புறம் எதிர்த் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணுவாரு. பாத்ததைச் சொல்லுங்க. ஞாபகம் இல்லாததை "ஞாபகம் இல்ல"ன்னு சொல்லலாம், அதுக்கு யாரும் புடிச்சுப் போட மாட்டாங்க. நீதிபதியை "ஐயா", "அம்மா"ன்னு கூப்பிட்டாப் போதும். இந்திய பார் கவுன்சில் 2006-லயே கீழ் கோர்ட்டுகள்ல வக்கீலுங்களே "சார்"னோ, அதுக்குச் சமமான தாய்மொழி வார்த்தையிலயோ கூப்பிடலாம்னு தீர்மானம் போட்டிருக்கு. பயந்து போய் "மை லார்டு"ன்னு நாக்கு குழற வேண்டாம். சாட்சிக்கு வக்கீலும் வேண்டாம். தமிழ்லயே பேசலாம்.

வந்து போற செலவு? சாட்சிக்குப் படி குடுக்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவு போடலாம். கேக்கறதுக்கு நம்ம ஜனங்களுக்குக் கூச்சம். கேளுங்க.

இப்ப வாய்தாவுக்கு வருவோம். (பெருமூச்சு.)

பெரியவர் மாதிரி ஆளுங்க ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்து நிப்பாங்க. மதியம் ஒரு மணிக்கு "இன்னிக்கு இல்ல, அடுத்த மாசம் வாங்க"ம்பாங்க. ஏன்? எதிர்த் தரப்பு வக்கீல் வேற கோர்ட்டுல இருக்காராம். கேட்டா எல்லாரும் "கோர்ட்டுன்னா அப்படித்தான்"னு சொல்லுவாங்க. ஆனா சட்டத்துல என்ன இருக்கு தெரியுமா? சாட்சி வந்து நிக்கும்போது அவரை விசாரிக்காம கேஸைத் தள்ளிவைக்கக் கூடாது. தள்ளினா அதுக்குத் தனியா காரணம் எழுதணும். வக்கீல் வேற கோர்ட்டுல பிஸியா இருக்கறது காரணமே ஆகாது. இது பழைய சட்டத்துலயும் இருந்துச்சு. புதுசுல, கட்டுப்பாட்டை மீறின சூழ்நிலைன்னாலும் ரெண்டு வாய்தாவுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு வேற சேத்திருக்காங்க. படிக்க நல்லாத்தான் இருக்கு. என் கடை முன்னாடி நிக்கிற முகங்கள்ல பாதி வருஷக்கணக்கா ஒரே முகங்கதான்ங்கறதையும் சொல்லிடறேன்.

அதே மாதிரி அடுத்த தேதி என்னன்னு கேக்கவே ஊருல இருந்து பஸ் ஏறி வர்றவங்க இருக்காங்க. வேண்டாங்க! ஒவ்வொரு கேஸுக்கும் சி.என்.ஆர். நம்பர்னு 16 எழுத்து-இலக்கம் சேந்த ஒரு நம்பர் இருக்கு. ஈ-கோர்ட்ஸ் சர்வீசஸ்னு ஒரு ஆப்பு, இலவசம். அதுல இந்த நம்பரைப் போட்டா அடுத்த வாய்தா எப்போ, கடைசியா என்ன நடந்துச்சு, எல்லாம் வரும். உங்க வக்கீல்கிட்ட வேற எதுவும் கேக்காட்டியும் சி.என்.ஆர். நம்பரை மட்டும் கேட்டு வாங்கிடுங்க. சில வக்கீல் குமாஸ்தாக்களுக்கு நான் இதைச் சொல்லிக் குடுக்கறது புடிக்கல. போகட்டும்.

சட்டம் மாறினதால ஒரு காமெடியும் நடக்குது. பிரிவு நம்பர் எல்லாம் மாறிப் போச்சா, எங்க தெருவுல ஒரு ஏமாத்துக்காரனை இன்னும் "420"ன்னுதான் திட்டறோம். அது இப்ப, ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.ல 318. கொலைன்னா 302-ன்னு குழந்தைக்கும் தெரியும். இப்ப அது 103, புது 302 மத உணர்வைப் புண்படுத்தற மாதிரி பேசறதுக்கு. இதுல டாப்பு 144 தான். நாலு பேரு சேரக் கூடாதுன்னு போடற 144 இப்ப 163 ஆயிடுச்சு. புது பி.என்.எஸ்.எஸ்.ல 144 எதுக்குன்னா, பொண்டாட்டி பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேக்கறதுக்கு! முன்ன அது 125. "என் மேல 144 போட்டிருக்காக்கா"ன்னு ஒரு தம்பி வந்து நின்னப்ப, என்னடா ஊரடங்கான்னு நானே ஒரு நொடி முழிச்சேன். (2024 ஜூலைக்கு முன்னாடி நடந்த குத்தம்னா பழைய ஐ.பி.சி. பிரிவுதான் போட்டிருக்கும். அதனால ரெண்டு நம்பரும் கொஞ்ச காலம் ஓடும்.)

அடுத்து, தெனமும் நடக்கற அலைக்கழிப்பு: எந்த மாஜிஸ்ட்ரேட்?

போன வாரம் ஒரு அம்மா. மகளுக்கு பாஸ்போர்ட் எடுக்கணும், பிறந்தப்ப பதிவே பண்ணலை. "மாஜிஸ்ட்ரேட் ஆர்டர் வாங்கிட்டு வா"ன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. அந்தம்மா நேரா ஜே.எம். கோர்ட்டுக்கு வந்து, வாசல்ல நின்னு, உள்ள போக பயந்து, என் கடைல வந்து "மனு எழுதிக் குடும்மா"ன்னாங்க. நல்ல வேளை எழுதிக் குடுக்கல. ஏன்னா போக வேண்டியது ஆர்.டி.ஓ. ஆபீஸு.

மாஜிஸ்ட்ரேட்டுல ரெண்டு வகை இருக்கு. கருப்பு கோட்டு வக்கீலுங்க வாதாடற கோர்ட்டுல உக்காந்திருக்கவர் நீதித்துறை நடுவர், அதாவது ஜே.எம். இன்னொருத்தர் நிர்வாகத் துறை நடுவர். அவரு கோட்டு போட மாட்டாரு, ஜீப்புல வருவாரு. கோட்டாட்சியர் (அதான் ஆர்.டி.ஓ.), தாசில்தார் எல்லாம் அந்தக் கணக்கு. பிறப்பு, இறப்பை ஒரு வருஷத்துக்கு மேல பதியாம விட்டா, 1969 வருஷத்துச் சட்டப்படி முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேணும்னு இருந்துச்சு. 2023-ல திருத்தினாங்க, அக்டோபர் 1-ல இருந்து அமலுக்கு வந்துச்சு. இப்ப கலெக்டர், இல்ல சப் டிவிஷனல் மாஜிஸ்ட்ரேட், இல்ல கலெக்டர் அதிகாரம் குடுத்த நிர்வாக நடுவர் உத்தரவு போடணும். ஆபீஸ்ல இருக்கறவரு "ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போங்கம்மா"ன்னு நாலு வார்த்தை சேத்துச் சொல்லியிருந்தா அந்தம்மாவுக்கு ஒரு நாள் மிச்சம்.

இதே ஆர்.டி.ஓ. முன்னாடிதான் ஊர்ச் சண்டை, தெருச் சண்டையில "இனிமே ஒழுங்கா இருப்பேன்"னு பாண்டு எழுதி வாங்கறதும் நடக்கும். பழைய 107, புது 126. இதை எழுதிக் குடுத்துட்டு "எனக்கு தண்டனை குடுத்துட்டாங்க, இனிமே கவர்மெண்ட் வேலை கிடைக்காது"ன்னு அழுத பையன் ஒருத்தன் இருக்கான். அது தண்டனை இல்லைடா தம்பி, அமைதியா இருக்கேன்னு ஒரு உறுதி. ஆனா பாண்டு காலத்துல திரும்ப வம்பு பண்ணினா உள்ள போக வேண்டி வரும், அது நிஜம்.

வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் வேலை, அதுக்கும் ஜே.எம். கோர்ட்டுக்கு வராதீங்க. பேரு மாத்தணுமா, அரசிதழ். அதுக்கும் இங்க வேலை இல்ல.

இப்ப என்னோட பரம வைரி: சி.எஸ்.ஆர்.

"கம்ப்ளெயிண்ட் குடுத்துட்டேங்க்கா, எஃப்.ஐ.ஆர். போட்டுட்டாங்க, இதோ"ன்னு பெருமையா நீட்டுவாங்க. பாத்தா சி.எஸ்.ஆர். ரசீது. உங்க புகார் மனு வந்துச்சுன்னு ஒரு பதிவேட்டுல எழுதிக் குடுக்கற சீட்டு. அது இருந்தா நல்லதுதான், மனு குடுத்ததுக்கு அத்தாட்சி. ஆனா அதனால கேஸு ஆரம்பிச்சதா அர்த்தம் இல்ல. எஃப்.ஐ.ஆர்.ன்னா குற்ற எண், வருஷம், பிரிவு எல்லாம் இருக்கும். அதோட நகலைப் புகார் குடுத்தவருக்கு இலவசமா குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. (என் பொழப்புக்கு எதிரா நானே சொல்றேன்: காசு குடுத்து ஜெராக்ஸ் எடுத்து வாங்க வேண்டியதில்ல. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குடுக்கற குற்றப்பத்திரிகை நகலும் அப்படித்தான், இலவசம்.)

போட மாட்டேங்கறாங்கன்னா? 2013-ல லலிதா குமாரி வழக்குல சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லிடுச்சு. போலீஸ் தானா பிடிக்கக்கூடிய குத்தம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். கட்டாயம். குடும்பத் தகராறு, பண விவகாரம் மாதிரி சிலதுல மட்டும் முதல்ல கொஞ்சம் விசாரிச்சுப் பாக்கலாம். புதுச் சட்டத்துல 3 வருஷத்துல இருந்து 7 வருஷத்துக்குள்ள தண்டனை வர்ற குத்தத்துக்கு, டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாளுக்குள்ள முதல்கட்ட விசாரணை பண்ணலாம்னு ஒரு வழி விட்டிருக்காங்க. எங்க எல்லைக்குள்ள நடக்கலைன்னு புகாரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம்.

அதுக்கும் மசியலைன்னா எஸ்.பி.க்கு எழுத்துல அனுப்பணும், தபால்ல. அந்த ரசீதை பத்திரமா வைங்க! அங்கயும் நடக்கலைன்னாதான் மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு, அதுவும் பிரமாணப் பத்திரத்தோட. நேரா மாஜிஸ்ட்ரேட்கிட்ட ஓடி வர்றவங்களுக்கு முதல்ல கேக்கற கேள்வி "எஸ்.பி.க்கு அனுப்பின நகல் எங்க?". இல்லைன்னா திரும்பிப் போக வேண்டியதுதான். என் கடையில தபால் ரசீதை ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி நான் நச்சரிக்கறது இதுக்குத்தான். தெர்மல் பேப்பர்ல அடிச்ச ரசீது சட்டைப் பையில கிடந்தா கொஞ்ச நாள்ல வெள்ளைத் தாளாயிடும்.

செக்கு ரிட்டர்ன் ஆனவங்களுக்கும் தேதிதான் உயிரு. பேங்குல இருந்து மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் அனுப்பணும். நோட்டீஸ் கிடைச்சதுல இருந்து 15 நாள் அவருக்கு டைம். அதுக்குள்ள பணம் வரலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுல புகார். கோர்ட்டுக்கு வர்றதுல தாமதம்னா தகுந்த காரணம் சொல்லி மன்னிப்புக் கேக்கலாம். நோட்டீஸ்ல தாமதம்னா அந்த வழி இல்ல. "மச்சான்தானே, குடுத்துடுவான்னு மூணு மாசம் பாத்தேன்"னு வருவாங்க. மச்சானுக்கு செக்குக்கான 138-ம் பிரிவு தெரிஞ்சிருக்கு, இவருக்குத் தெரியல.

ஸ்டேஷன் வாசல்ல துருப்பிடிச்சு நிக்கிற வண்டிகளைப் பாத்திருப்பீங்க. செடி கொடி எல்லாம் முளைச்சு, சீட்டுக்குள்ள கோழி முட்டை வைக்கிற அளவுக்கு. கேஸு முடியற வரைக்கும் வண்டி கிடைக்காதுன்னு நம்ம ஆளுங்க முடிவே பண்ணிடறாங்க. 2002-லயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, வண்டியை ஸ்டேஷன்ல போட்டு அழிய விடாதீங்க, பாண்டு வாங்கிக்கிட்டு சீக்கிரம் குடுங்கன்னு சொல்லியாச்சு. புதுச் சட்டத்துல கோர்ட்டு 14 நாளுக்குள்ள பொருளோட விவரம் தயார் பண்ணணும், போட்டோ, தேவைப்பட்டா வீடியோவும் எடுக்கணும், அதுல இருந்து 30 நாளுக்குள்ள அதை என்ன பண்றதுன்னு உத்தரவு போடணும்னு காலக்கெடுவே வச்சிருக்காங்க. ஆனா மனு போட வேண்டியது ஆர்.சி. புக்குல பேரு இருக்கறவரு. இங்கதான் மாட்டுவாங்க. செகண்ட் ஹேண்டுல வாங்கி, பேரு மாத்தாம ஓட்டிட்டிருப்பாங்க. வித்த ஆளு துபாய்ல இருப்பான். வண்டி வாங்கினா முதல் வேலையா பேரை மாத்துங்கப்பா, கெஞ்சிக் கேக்கறேன்.

ஜாமீனுக்கு ஆளு நிக்கறதைப் பத்தி ஒரு வார்த்தை. "சும்மா ஒரு கையெழுத்துதான்"னு கூட்டிட்டு வருவாங்க. அது சும்மா இல்ல. அவன் வாய்தாவுக்கு வராம ஓடினா பாண்டுல எழுதின தொகையை உங்ககிட்ட கேப்பாங்க. இதுக்கு முன்னாடி யாருக்கெல்லாம் ஜாமீன் நின்னிருக்கீங்கன்னும் எழுதிக் குடுக்கணும், மறைக்கக் கூடாது. நல்லாத் தெரிஞ்சவனா இருந்தா மட்டும் நில்லுங்க. எங்க வீட்டுக்காரர் ரெண்டு பேருக்கு நின்னிருக்காரு. மூணாவது ஆள் வந்து கேட்டப்ப நான் ஜெராக்ஸ் மிஷினை ஆஃப் பண்ணிட்டேன்.

வக்கீல் வைக்கக் காசு இல்லைன்னு கைது ஆனவங்க வீட்டுல உக்காந்து அழுதுட்டிருக்காதீங்க. பொம்பளைங்க, குழந்தைங்க, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளி, காவல்ல இருக்கறவங்க, இவங்க யாரா இருந்தாலும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987 வருஷத்துச் சட்டம் சொல்லுது. கோர்ட் வளாகத்துலயே வட்ட சட்டப் பணிகள் குழுன்னு ஒரு ரூம் இருக்கும். தேசிய உதவி எண் 15100. அந்த டீக்கடைத் தம்பி உக்காந்திருக்கிற பெஞ்சுல இருந்து பாத்தா அந்த ரூமோட போர்டு நேராத் தெரியும், அதான் கொடுமை.

போன்ல வர்ற மிரட்டலையும் சொல்லிடறேன். "உங்க பேர்ல வாரண்ட், வீடியோ கால்லயே இருங்க, டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிருக்கோம், பணத்தை இந்த அக்கவுண்ட்டுக்குப் போடுங்க" — இந்திய சட்டத்துல டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எந்தக் கோர்ட்டும் ஜி-பேல பணம் கேக்காது. கட்பண்ணிட்டு 1930-க்கு அடிங்க. ஆமா, கோர்ட்டு சம்மன் மின்னணு வழியாவும் வரலாம்னு புதுச் சட்டத்துல இருக்கு, ஆனா அதுல கோர்ட்டு சீலோட படமோ, டிஜிட்டல் கையொப்பமோ இருக்கும், கேஸ் நம்பர் இருக்கும். ஈ-கோர்ட்ஸ்ல சரி பாத்துக்கலாம். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி போலீஸ் குடுக்கற 35-ம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பினா செல்லாதுன்னு 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு.

கேஸே இல்லாதவங்களும் உள்ள போகலாமான்னு ஒரு காலேஜ் பொண்ணு கேட்டுச்சு. தாராளமா! சட்டமே கோர்ட்டை "திறந்த நீதிமன்றம்"னுதான் சொல்லுது. பாலியல் வன்கொடுமை மாதிரி சில வழக்குக்குத்தான் கதவை மூடுவாங்க. போனை சைலண்ட்ல போட்டு, வீடியோ எடுக்காம, பின் பெஞ்சுல உக்காந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒரு நாள் முற்பகல் உக்காந்து பாத்தா பாதி பயம் போயிடும். அந்தப் பொண்ணு போச்சு. வெளிய வந்து, "அக்கா, யாருமே கத்தவே இல்லைக்கா, போரடிச்சுது"ன்னுச்சு.

கடைசியா, வெயில் ஏற ஏற வர்ற கேள்வி: "மே மாசம் கோர்ட்டு லீவுதானே, வாய்தாவுக்கு வர வேணாம்ல?" சொத்து, பாகப்பிரிவினைன்னு சிவில் பக்கம் கேஸு இருந்தா கோடை விடுமுறை உண்டு. ஜே.எம். கோர்ட்டுக்கு அது கிடையாது, திருடன் கோடையிலயும் திருடுவான். தேதி மே மாசம்னு போட்டிருந்தா மே மாசமே வாங்க. என் கடையும் திறந்துதான் இருக்கும். ஃபேன் ஒண்ணுதான், அது என் பக்கம் திரும்பி இருக்கும், அதை மட்டும் கேக்காதீங்க.